ஐம்பதுக்கு எழுபது

தங்கச்சி மகள் போன வாரம் போனில் கூப்பிட்டாள். "மாமா, ஒங்க ஸ்டுடியோ சீலு இன்னும் இருக்கா?"

கடையே இல்லை, சீல் எதற்கு என்றேன். அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. மாப்பிள்ளை கும்பகோணத்துக்காரர், கனடாவில் வேலை பார்த்து பி.ஆர்., அதாவது நிரந்தரவாச உரிமை, வாங்கியவர். இவளை ஸ்பான்சர் செய்வதற்கு விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு போட்டோ வேண்டும். அகலம் 50 மில்லிமீட்டர், உயரம் 70. மோவாயிலிருந்து உச்சந்தலை வரை முகம் 31-க்குக் குறையக் கூடாது, 36-ஐத் தாண்டக் கூடாது. பின்பக்கம் எடுத்த ஸ்டுடியோவின் பெயர், விலாசம், எடுத்த தேதி இருக்க வேண்டும். வேதாரண்யத்தில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் அளவெல்லாம் சரியாக வெட்டிக் கொடுத்துவிட்டானாம். சீல் மட்டும் அவனிடம் இல்லையாம்.

"நீங்க பின்னாடி ஒரு சீலு போட்டுக் குடுத்துருங்க மாமா, வேலை முடிஞ்சிரும்."

"நான் எடுக்காத படத்துக்கு நான் சீல் போட மாட்டேம்மா" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது போலிருக்கிறது. அந்தப் பக்கம் பேச்சே இல்லை. "நீ கெளம்பி வா, நானே எடுத்துத் தரேன்" என்று சொல்லி வைத்தேன்.

பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் திறந்தால் ஹைப்போ வாடை. டார்க் ரூமில் நின்றவனுக்குத்தான் அது தெரியும். காடி மாதிரி புளிப்பாக வந்து மூக்கின் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கடைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது, முப்பது வருஷத்து நெகட்டிவ்கள் மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஒட்டினதைப் பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. மிஞ்சியது இந்தப் பெட்டிதான். உள்ளே டச்சிங் பென்சில், துருப்பிடித்த கத்தரி, ஒரு கறுப்புத் துணி, அப்புறம் அந்த சீல். மரப்பிடி, விளிம்பு வெடித்த ரப்பர், கடைப் பெயர், விலாசம், தேதி எழுத ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் நான் மூன்று பொய்த் தேதி எழுதியிருக்கிறேன். எழுதியது ஒரு நிஜமான கல்யாணத்துக்கு.

எங்கள் ஊரோடு ரோடு முடிந்துவிடும். தமிழ்நாட்டு மேப்பில் கடலுக்குள் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு இருக்குமே, அதன் நுனி கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக்கு நீரிணை. எதிரே ஐம்பது அறுபது கிலோமீட்டரில் யாழ்ப்பாணக் கரை. அங்கேயிருந்து சினிமா பார்க்க வள்ளத்தில் வந்து, இரண்டாம் ஆட்டம் முடிந்து திரும்பிப் போவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருட்டு ராத்திரியில் எதிர்க்கரை வெளிச்சம் தெரியும் என்றும் சொல்வார்கள். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

போய்விட்ட புருஷன் கூப்பிடக் காத்திருப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. பெரியம்மா வீட்டுக்காரர் பினாங்கில் இருந்தார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் வந்து நிற்கும் காலம் அது. அவருக்கு அங்கே செவப்பு ஐ.சி. மலேசியாவில் நிரந்தரவாசிக்குச் சிவப்பு அட்டை, குடிமகனுக்கு நீலம். சிங்கப்பூரில் நிரந்தரவாசிக்கு நீலம், குடிமகனுக்கு ரோஸ். இந்த வர்ண சாஸ்திரம் தோப்புத்துறைப் பக்கத்துப் பெண்களுக்குத் தலைகீழ்ப் பாடம். "அவுஹளுக்கு நீலம் கெடச்சிட்டு" என்று ஒருத்தி சொன்னால் அடுத்த மாதம் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க என்னிடம் வருவாள் என்று அர்த்தம். பெரியம்மாவுக்கு மட்டும் அந்த மாதம் வரவேயில்லை. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று கடிதத்திலேயே காலம் போய், கடைசியில் கப்பலே நின்றுபோனது. பெரியப்பா வேலை ஓய்ந்து திரும்பி வந்தபோது இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரே திண்ணையில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எடுக்கத் தோன்றவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எதிர்க்கரைக்காரர்கள் எங்கள் மணலில் இறங்க ஆரம்பித்தார்கள். பதிவுக்கு, கார்டுக்கு என்று பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக் கை ஓய்ந்தது. கரையில் இயக்கப் பையன்கள் நடமாடிய காலமும் உண்டு. அவர்களில் யாரும் படம் எடுக்கச் சொல்லிக் கடைக்கு வந்ததில்லை. எடுக்காதே என்று சொல்லத்தான் ஒருமுறை வந்தார்கள். 1990 ஜூனில் திரும்பவும் சண்டை மூண்டபோது மறுபடி வள்ளங்கள். அப்படி ஒரு ராத்திரி இறங்கிய வல்வெட்டித்துறைக் குடும்பத்துப் பெண்தான் இந்தக் கதைக்காரி. அப்போது பள்ளிக்கூட வயசு. சீசன் இல்லாத மாதம், கரையில் மீன் காய்கிற வாடைகூட இல்லை. நாய்தான் வரவேற்றது என்று பின்னால் சிரிப்பாள். விடிந்ததும் அவள் அம்மா கண்ணில் முதலில் பட்டது குழகர் கோயில் கோபுரம். இவளுக்கு ஒரு நல்லது நடந்தால் இங்கேதான் தாலி கட்டுவது என்று அங்கேயே வேண்டிக்கொண்டாராம். ஆறு வருஷத்துக்கு அப்புறம் திருச்சியிலிருந்து அந்தக் கல்யாணம் எங்கள் ஊருக்கு வந்தது. அகதியாகப் பதிவானவர்கள் நினைத்த இடத்துக்குப் போய்விட முடியாது. போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி, எழுதிக் கொடுத்து, இத்தனாம் தேதி திரும்பிவிடுவோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை டொரன்டோவிலிருந்து வந்தவர். முறைப் பையன்தான், சின்ன வயசில் ஒரே ஒழுங்கையில் விளையாடியவர்கள். அவர் கனடாவுக்குப் போன வழியை முழுதாகச் சொல்ல மாட்டார். 1986-ல் நியூஃபவுண்ட்லாந்து கடலில் 155 ஈழத் தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் தத்தளிக்க, அந்த ஊர் மீன்பிடிக்காரர்கள் கரை சேர்த்தார்களே, அந்தக் கதையை மட்டும் எங்கள் ஊர் ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வார். கோடியக்கரைக்காரர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. "கடல்ல கெடந்தா ஏத்திக்கத்தானே வேணும்" என்று கேட்டுவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு 'லாண்டட்' ஆனவர் அவர். அப்போது பி.ஆர். கார்டு கிடையாது. 2002-ல்தான் அந்த அட்டை வந்தது. அதற்கு முன்னால் எல்லாம் ஒரு தாள்தான், லாண்டிங் பேப்பர். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருப்பார். கையிலிருந்த பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர மற்ற நாடுகளுக்குச் செல்லும் என்று எழுதியிருந்தது. அதனால்தான் ஊருக்குப் போகாமல் ஊரின் எதிர்க்கரையில் கல்யாணம்.

அவர் ஒரு வாக்குறுதியிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மனைவி அங்கே வந்தபின் பத்து வருஷத்துக்கு அரசாங்கத்தின் உதவிப் பணத்தில் கை வைக்காமல் நான் பார்த்துக்கொள்வேன் என்று எழுதித் தருவது. பெண்ணின் மாமா ஒருவர், வாயைத் திறந்தால் கேலிதான், "தாலிக்குப் பத்து வருசம்தான் கரண்டியோ தம்பி?" என்றார். 2002-க்குப் பிறகு அது மூன்று வருஷமாகக் குறைந்தது என்று கேள்விப்பட்டபோது எனக்கு அந்த மாமா ஞாபகம் வந்தது. கேட்க அவர் இல்லை. அதோடு குடியேறும் உரிமைக் கட்டணம் என்று 975 டாலர், 1995-ல் புதிதாகப் போட்டது. அன்றைக்கு அது ஏறக்குறைய 25,000 ரூபாய். கல்யாணச் செலவே அவ்வளவு வரவில்லை.

தை மாதம். காலையில் குழகர் சன்னிதியில் கூறைச்சேலை, தலைப்பாகை, மேளக்காரர் இரண்டு பேர், சனம் பதினாலு. தாலிக்கொடியைப் பார்த்து எங்கள் ஊர்ப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். நாங்கள் மஞ்சள் கயிற்றில் குண்டுமணித் தங்கம் கோப்பவர்கள். அது வடக்கயிறு கனத்தில் இருந்தது. இருந்த நகையெல்லாம் போய், உருக்கி மிஞ்சியது அது ஒன்றுதானாம். தாலி கட்டி முடிந்ததும் குருக்கள் தலபுராணம் சொன்னார். சுந்தரர் சேரமான் பெருமாளோடு இங்கே வந்தபோது, காற்று அறைகிற கடலோரத்தில் துணையில்லாமல் இப்படித் தனியாக இருக்கிறீரே என்று சாமியைப் பார்த்துக் கேட்டுப் பாடினார் என்று. மாப்பிள்ளை மெதுவாக, "அவருக்கும் ஸ்பொன்சர் சரிவரேல்லைப் போல கிடக்கு" என்றார். மணப்பெண் தலை நிமிராமல் சிரித்தாள். அதை எடுத்திருக்க வேண்டும். நான் பிளாஷ் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு ஜெராக்ஸ் தாளைக் காட்டினார். டொரன்டோவில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவர் யாரோ தமிழில் எழுதித் தந்தது. இருவரும் நெருக்கமாக நிற்கும் படம் வேண்டும். ஒருவருக்கொருவர் உணவு ஊட்டுவது வேண்டும். இரு வீட்டாரோடும் வேண்டும். முக்கியமாக, வேறு வேறு நாட்களில், வேறு வேறு உடைகளில், வேறு வேறு இடங்களில்.

"அண்ணை, கலியாணம் மெய்யோ பொய்யோ எண்டு பாக்கிறது படத்திலதானாம்."

நான் காலையில் எடுத்ததை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதல் வரிசையில் பெரியவர்கள். நடுவில் அம்மா. இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பெண். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சித்தியும் இரண்டு குழந்தைகளும். எங்கள் பக்கமும் அன்றைக்கு அப்படித்தான். கல்யாண வீட்டில் ஜோடியை ஒட்டி நிற்கச் சொன்னால் போட்டோக்காரனைத் திட்டுவார்கள். தோளில் கை போடச் சொன்ன ஒரு பையனை ஆயக்காரன்புலத்தில் அடிக்கவே போய்விட்டார்கள்.

மாப்பிள்ளைக்கோ லீவு இல்லை. நாலாம் நாள் விமானம். பெண் வீட்டாருக்குப் போலீஸில் கொடுத்த தேதி மறுநாளோடு முடிகிறது. வேறு வேறு நாட்களுக்கு எங்கே போவது? யோசனை சொன்னது நான்தான். இதை இங்கே தெளிவாக எழுதிவிட வேண்டும். மூன்று புடவை, மூன்று சட்டை, மூன்று இடம், ஒரே சாயங்காலம். சீலைப் போட்டுத் தேதியை நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

வில்வண்டியில் துணிமூட்டையோடு கிளம்பினோம். முதலில் பழைய கலங்கரை விளக்கம். சோழர் காலத்தது என்று சொல்வார்கள். 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. அடுத்தது ராமர் பாதம். காட்டுக்குள் இருக்கிற மணல்மேடு, மேலேயிருந்து பார்த்தால் வெளிமான் கூட்டம் தெரியும். கடைசியாகக் கடற்கரை. பாலை மரத்தடியில் அத்தைக்காரி இரண்டு பேர் சேலையைத் திரை பிடிக்க, அவள் புடவை மாற்றினாள். "தங்கச்சி, கொஞ்சம் கிட்ட வாம்மா" என்று நான் சொல்லச் சொல்ல அவள் ஒரு அடி வைப்பாள், அவர் ஒரு அடி நகர்ந்து இடம் விடுவார். தோளில் கை வை என்றால் சாமி சப்பரத்தைத் தொடுவது மாதிரி விரல்நுனியால் தொடுகிறார். ஊட்டச் சொன்னால் இனிப்பு இல்லை. வண்டிக்காரர் வைத்திருந்த கடலை உருண்டையை வாங்கி ஊட்ட வைத்தேன். இருட்டுவதற்குள் முப்பத்தாறும் முடிந்தது. நல்ல வேலை செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டேன்.

படங்களைத் தஞ்சாவூர் கலர் லேபில் போட்டு வாங்கி, பின்னால் சீல் குத்தி, ஒன்றுக்குத் தை மாதத்து ஒரு தேதி, அடுத்ததற்கு மூன்று நாள் தள்ளி, அதற்கடுத்ததற்கு இன்னும் இரண்டு நாள் தள்ளி எழுதி அனுப்பினேன். பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுதினேன். அவ்வளவு கவனம்.

அந்தப் பெண்ணுக்கு அப்புறம் நடந்ததெல்லாம் கடிதத்தில் தெரிந்துகொண்டதுதான். வள்ளத்தில் வந்தவளுக்குப் பாஸ்போர்ட் ஏது? சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு நடந்து அதை வாங்க வேண்டும். இங்கேயிருந்து வெளியேற அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் போலீஸ் விசாரணை, வழக்கு ஒன்றும் இல்லை என்று கடிதம். மருத்துவப் பரிசோதனை. இதெல்லாம் முடிந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எதிரே இருந்தவர் படங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினாராம். எந்தெந்தத் தேதி என்று கேட்டாராம். இவளும் நான் எழுதிய தேதிகளைச் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு பென்சிலை எடுத்து மாப்பிள்ளையின் இடது கட்டைவிரலை மூன்று படத்திலும் காட்டினாராம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் இளநீர் சீவுகிறேன் என்று அவர் விரலை வெட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு பிளாஸ்திரி. மூன்று சட்டையிலும் அதே பிளாஸ்திரி, அதே சாய்வு, ஓரத்தில் அதே ரத்தப் பொட்டு. போதாததற்கு, மாப்பிள்ளை விமானம் ஏறியதற்குப் பிந்தைய தேதியை நான் கடைசிப் படத்துக்குப் போட்டிருந்தேன். பயணப் பத்திரத்து முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். திருமணம் உண்மையானதல்ல என்று எழுதி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அந்த அதிகாரியைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. என்னை மாதிரி ஆட்களின் படங்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

வேதாரண்யம் கோயில் கதவுக் கதை எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அடைத்துக் கிடந்த கதவு திறக்க அப்பர் பதிகம் முழுக்கப் பாட வேண்டியிருந்தது. சம்பந்தர் மூடப் பாடினார், முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது. அந்த வாரம் முழுக்க அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போய்வந்தேன்.

திருச்சிக்குப் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா திட்டுவார் என்று தயாராகப் போனால், தேத்தண்ணி கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை. டொரன்டோவில் மேல்முறையீடு செய்யலாம், ஸ்பான்சர் செய்தவருக்கு அந்த உரிமை உண்டு என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். வேறு என்ன சாட்சி இருக்கிறது என்று வக்கீல் கேட்டாராம். "வேற என்னம்மா இருக்கு?" என்று நானும் கேட்டேன். அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். அவர் கனடா போன நாள் முதல் எழுதிய கடிதங்கள், நீல ஏரோகிராம், வருஷவாரியாக நூல் கட்டி. அறுபதுக்குக் குறையாது. டெலிபோன் பூத்தில் பேசின பில் சீட்டுகள், மங்கிப்போகாமல் இருக்க மஞ்சள் தாளில் மடித்து.

"இதையெல்லாம் ஏன் முதல்லயே காட்டலை?"

"அது எங்கட கடிதமல்லோ அண்ணை. பிறத்தியாருக்கு எப்பிடிக் காட்டுறது?"

கடைசியில் காட்டத்தான் வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பதற்காக யாரோ ஒருவர் அதையெல்லாம் உட்கார்ந்து படித்தார். அப்போது அவள் இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லையாம்.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுதான். வேதாரண்யத்தில் ஒரு நோட்டரி வக்கீலிடம் போய், இந்தப் படங்கள் மூன்றும் ஒரே சாயங்காலம் என் யோசனையில் எடுக்கப்பட்டவை, தேதிகள் நான் எழுதிய பொய், கல்யாணம் மட்டும் என் கண்ணெதிரே நடந்த நிஜம் என்று பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "நா எவ்வளவோ பிரமாணப் பத்திரம் பாத்துட்டேன். பொய் சொன்னேன்னு சத்தியம் பண்ண வர்ற மொத ஆளு நீதான்யா" என்றார். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது ரிட்டயரான ஒரு வாத்தியார். அவர் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். "அந்தப் பொண்ணைத் தங்கச்சின்னு சொல்றே. நா 'சிஸ்டர்'னு போட்டேன்னா, குடும்பப் பட்டியல்ல இந்த அண்ணன் பேரு ஏன் இல்லைன்னு அடுத்த கேள்வி வரும், தெரியுதா?" அரை மணி நேரம் யோசித்து, தங்கச்சியை எடுத்துவிட்டு 'மணப்பெண்' என்று போட்டோம். கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் அதே சீலையும் குத்தினேன். நெகட்டிவையும் உறையில் வைத்தேன். முப்பத்தாறு பிரேமும் துண்டாக்காமல் சுருளாகவே போனது.

ஒன்றரை வருஷம் கழித்து மேல்முறையீடு ஜெயித்தது. என் பத்திரத்தால்தானா, கடிதங்களாலா, யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவள் போய்ச் சேர்ந்த குளிர்காலத்தில் ஸ்காபரோவிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு படம். பனி மூடின கார் நிறுத்துமிடம், பின்னால் அடுக்குமாடி. அவள் கம்பளிக் கோட்டுக்கு மேல் தாலிக்கொடியை எடுத்துப் போட்டிருந்தாள். அவர் பக்கத்தில். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சித்தியும் இரண்டு குழந்தைகளும் தாராளமாக நிற்கிற இடைவெளி.

அதற்குப் பிறகு எத்தனையோ ஸ்பான்சர் படங்கள் எடுத்தேன். 'கனடா ஆல்பம்' என்றே கடையில் ஒரு கணக்கு இருந்தது. யாருக்கும் ஒரு நாளை மூன்றாக்கித் தரவில்லை. அதனால் வியாபாரம் குறைந்ததும் உண்டு. சட்டங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 2012-லிருந்து 2017 வரை அங்கே ஒரு விதி இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாமல், குழந்தையும் இல்லாமல் போகிற பெண்ணுக்கு நிபந்தனையோடுதான் பி.ஆர்.; அங்கே போய் இரண்டு வருஷம் புருஷனோடு சேர்ந்திருந்தால்தான் நிலைக்கும். அந்தச் சமயத்தில் மகளை அனுப்பின ஒரு அம்மா என் கடைப் படியில் உட்கார்ந்து, "அவன் அடிச்சாலும் ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்" என்றார். கொடுமை செய்தால் விலக்குக் கேட்க அதிலேயே வழி இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

தங்கச்சி மகள் சனிக்கிழமை வந்தாள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் விட்ட பிறகு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சௌகரியம். அங்கே இறங்கி உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் வந்துவிடலாம். வந்ததும் போனைக் கையில் கொடுத்து விண்ணப்பத்தைக் காட்டினாள். எல்லாம் ஆன்லைன். கல்யாணப் பதிவுச் சான்று இருக்கிறது. 2009 சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்தையும் பதிய வேண்டும் என்றாகிவிட்டதே. வாட்ஸ்அப் பேச்சுகள் நூறு பக்கத்துக்குப் படமாக எடுத்து அடுக்கியிருந்தாள். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு வந்துவிட்டு உடனே ஓடினாரே என்று நாங்கள் குறைப்பட்டோம். அவர் இன்னும் குடிமகன் ஆகவில்லை, நிரந்தரவாசி அங்கே குடியிருந்துகொண்டுதான் மனைவியைக் கூப்பிட முடியும் என்று விளக்கினாள். ஐந்து வருஷத்தில் 730 நாள் அங்கே இருந்த கணக்கும் காட்ட வேண்டுமாம். நம் வீட்டில் பால் கணக்கு எழுதுவது மாதிரி காலண்டரில் குறித்து வைக்கிறாராம்.

பிறகு ஆல்பம். இதே கோடியக்கரைக் கடற்கரையில் கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுத்த 'ப்ரீ-வெட்டிங்' படங்கள். முட்டிவரை அலையில் நின்று, நெற்றியோடு நெற்றி ஒட்டி, அவர் அவளைத் தூக்கிச் சுற்றி. கிட்ட வா என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனேன். எதையோ தேடுகிறேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"ஒங்கம்மா எங்கம்மா இதுல? சின்ன மாமா எங்க? ஒங்க மாமியாரு?"

"அவங்கல்லாம் வேற போல்டர்ல இருப்பாங்க மாமா."

"எடுத்துப் போடும்மா. சொந்தக்காரங்க வந்தாங்களான்னும் பாப்பாங்க" என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பழைய போட்டோக்காரனுக்கு என்ன தெரியும் என்ற பார்வை. அதுவும் நியாயம்தான்.

கூடத்தில் வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்தேன். கடையை மூடியபோது வைத்துக்கொண்ட டிஜிட்டல் கேமரா ஒன்று இருக்கிறது. சிரிக்கக் கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், கண் நேராக. பொட்டை எடுக்கவா என்றாள். நிழல் விழவில்லை, இருக்கட்டும் என்றேன். பக்கத்துத் தெருப் பையனின் பிரிண்டரில் போட்டு, ஸ்கேலை வைத்து அளந்தேன். முகம் 34 மில்லிமீட்டர்.

திருப்பிப் போட்டேன். இங்க் பேட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்ததும் ஊதா இறங்கியது. வெறும் தாளில் இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டுப் படத்தில் குத்தினேன். கடை விலாசத்தைப் பேனாவால் அடித்து, கோடியக்கரை வீட்டு விலாசத்தை மேலே சின்ன எழுத்தில் எழுதினேன். அடித்துத் திருத்தினால் ஒத்துக்கொள்வார்களா என்றாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பி வா, இன்னொன்று எடுக்கலாம் என்றேன்.

கோட்டுக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

"இன்னிக்கு என்னா தேதி?"

அவள் சொன்னாள். போனிலும் காட்டினாள். எழுந்து போய்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். மூன்று நாளாகக் கிழிக்காமல் கிடந்தது. ஒவ்வொன்றாகக் கிழித்து, அவள் சொன்ன தேதி வந்ததும் நிறுத்தி, கிழமையையும் கேட்டுக்கொண்டு, வந்து உட்கார்ந்து எழுதினேன்.